முதலை வலைக்குள் ஒரு நீச்சல்

ஓய்வு பெற்ற ஒருவரை ஊர்க்காரர்கள் மறுபடி கூப்பிட்டால் அதற்கு இரண்டு காரணங்கள்தான் இருக்க முடியும். அவர் வைத்துவிட்டுப் போன ஏதோ ஒரு பீரோ சாவி கிடைக்கவில்லை. அல்லது, பணியில் இருக்கும் யாரும் கையெழுத்துப் போட விரும்பாத ஒரு தாள் மேசைமேல் கிடக்கிறது. என்னைக் கூப்பிட்டது சாவிக்காக இல்லை.

அந்தமானில், எங்கள் ஊரில் ட்ரையத்லான் நடத்தப் போவதாகச் சொன்னார்கள். முதலில் கடலில் நீந்த வேண்டும், பிறகு சைக்கிள் மிதிக்க வேண்டும், அதன்பின் ஓட வேண்டும். மெயின்லேண்டிலிருந்து இதற்காகவே ஆட்கள் விமானச் சீட்டு வாங்கிக்கொண்டு வருகிறார்களாம். கடல் நீர் நீந்தத் தகுந்தது என்று யாராவது சான்று தர வேண்டும் என்பது போட்டி விதி. நான் நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்காலம் முழுவதையும் கழித்தவன். ஒரு குடம் தண்ணீரைக்கூட நான் இதுவரை நம்பிக் குடித்ததில்லை என்று என் மனைவி சொல்வாள். பாராட்டாகச் சொல்வதில்லை.

ஒப்புக்கொண்டதற்குக் காரணம் என் மகள். அவளும் போட்டியில் பெயர் கொடுத்திருந்தாள். என் மகள் நீந்தப் போகும் தண்ணீருக்கு நானே சான்று தருவது முறையா என்று கமிட்டிக்கு எழுதிக் கேட்டேன். 'கவனத்தில் கொள்ளப்பட்டது' என்று பதில் வந்தது. அந்தச் சொற்றொடரை நானே எத்தனையோ பேருக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன். அதன் பொருள் எனக்குத் தெரியும்.

மகள் அரசுப் பள்ளி ஆசிரியை, முப்பது வயதைத் தாண்டியவள். லம்பா லைன் பகுதியில் எங்களோடுதான் இருக்கிறாள். சிறு வயதிலிருந்தே இடது காது மந்தம். வலது காதின் ஜவ்வில் ஓட்டை விழுந்து, சீழ் பிடித்து, சென்னைக்குக் கூட்டிப்போய் ஆபரேஷன் செய்தோம். நீந்தலாமா என்று அவள் கேட்டபோது டாக்டர், "சுத்தமான தண்ணின்னா நீந்துங்க. இன்னொரு தடவை சீழ் பிடிச்சா இந்தக் காது இல்லைன்னே வெச்சுக்குங்க" என்றார். எனக்கு அந்த இரண்டாவது வாக்கியம் கேட்டது. அவளுக்கு முதல் வாக்கியம் கேட்டது. காதுக்கு அளவெடுத்து அடைப்பான் செய்துகொண்டாள். அதன்பின் ஒரு வருடத்துக்கு மேலாக, பள்ளிக்குப் போகும் முன் நீந்திவிட்டு வருவதே அவள் வாழ்க்கையாக இருந்தது.

எந்தக் கடற்கரை என்று நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் விளக்கம் கேட்டு எழுதுவார்கள். தீவைச் சுற்றி நான்கு பக்கமும் கடல்தான். ஆனால் எங்கள் கடலில் முதலை உண்டு. உப்பு நீரில் வாழும் பெரிய ரகம். அதனால் கரையோரமாக அரைவட்டத்தில் வலை கட்டியிருக்கும் இடத்தில் மட்டும்தான் இறங்கலாம். மேலே மிதவைகள், அடியில் சிமெண்ட் கட்டிகள், நடுவே கனத்த வலை. போட்டியும் அந்த வலைக்குள்ளேயே நடக்க வேண்டும் என்று வனத்துறை சொல்லிவிட்டது. நியாயம்தான். மெயின்லேண்டிலிருந்து வந்தவரை முதலை பிடித்துக்கொண்டு போனால், அதற்கு எந்தப் படிவத்தை நிரப்புவது என்று எனக்கே தெரியாது.

அரைவட்டத்தின் ஒரு முனையில் நாலா வந்து விழுகிறது. நாலா என்றால் ஓடை. ஆனால் இந்த ஓடையில் ஓடுவது பின்னாலிருக்கும் வீடுகளும் ஓட்டல்களும் கழித்துவிட்ட தண்ணீர். கடல் ஏறி நிற்கும்போது அது நாலாவின் வாயை அடைத்துக்கொண்டு நிற்கும், கதவை உட்பக்கமாகத் தள்ளிப் பிடிப்பதுபோல. கடல் இறங்கினால் கதவு திறந்துவிடும். உள்ளே தேங்கியிருந்ததெல்லாம் வெளியே வரும். வந்தது உடனே போகாது. முதலையை வெளியே நிறுத்தும் அதே வலை, குப்பையை உள்ளே நிறுத்திக்கொள்ளும்.

இது எங்கள் கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் எந்தப் பரிசோதனை முடிவிலும் இருக்காது. மாதிரி எடுக்கப் போகும் படகு நிற்பது ஒரு சேற்றுக் கழியில். கடல் ஏறினால்தான் அந்தப் படகு மிதக்கும். ஆகவே மாதிரியும் கடல் ஏறியிருக்கும்போது மட்டும்தான் எடுக்கப்படும். எங்கள் பதிவுகளைப் படிக்கும் யாரும் அந்தமான் கடல் இறங்குவதே இல்லை என்று நினைத்துக்கொள்ளலாம்.

இந்த முறையும் அப்படித்தான் எடுத்தார்கள். முடிவு நன்றாகவே வந்தது. 'கடல் ஏறி நிற்கும் நேரத்துக்கு மட்டும் இச்சான்று பொருந்தும்' என்று தடித்த எழுத்தில் ஒரு வரி சேர்த்துக் கையெழுத்திட்டேன். போட்டியை நடத்தியவர் சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்து இங்கே காண்ட்ராக்டர் ஆனவர். தாளை வாங்கி, கையெழுத்தை மட்டும் பார்த்தார். "சார், நீங்க சைன் பண்ணிட்டா எனக்கு டென்ஷனே இல்ல" என்றார். அன்று மாலையே மைக்கில், நமது கடல் ஏ ஒன் என்று அறிவித்தார்.

போட்டியன்று விடிவதற்கு முன்பே என்னை ஒரு டிங்கியில் ஏற்றிவிட்டார்கள். சான்று தந்தவர் நீச்சல் முடியும்வரை தண்ணீரில் இருக்க வேண்டும் என்பது விதி. படகோட்டி தெலுங்குக்காரர். இங்கேயே பிறந்து வளர்ந்து, எல்லோரிடமும் இந்தியில் பேசுகிறவர். வலையில் ஓர் இடத்தில் கயிற்றை அவிழ்த்து எங்களை உள்ளே விட்டு, மறுபடி கட்டினார்கள். கரையோரம் பவழக் கல் மேடு, டிங்கி தட்டும்; அதனால் திரும்பிப் போவதும் அந்த வலை வழியாகத்தான். முதல் மிதவைக்குப் பக்கத்தில் நங்கூரம் போட்டோம். நீந்துகிறவர்கள் அங்கே திரும்பி, நாலா விழும் பக்கம் இருக்கும் இரண்டாவது மிதவையைச் சுற்றிக்கொண்டு கரைக்குப் போக வேண்டும். இப்படி நான்கு சுற்று.

கடல் நிரம்பி, அசையாமல் நின்றது. அடியில் பவழக் கல் தெரிந்தது. என் சான்றுக்கு இதைவிடப் பொருத்தமான கடலைப் பார்க்க முடியாது. கரையில் நீச்சல்காரர்கள் வரிசையாக நின்றார்கள். மகளின் மஞ்சள் தொப்பியைத் தேடிக் கண்டுபிடித்தேன். சீஃப் கெஸ்ட்டைக் காணவில்லை. வழியில் வேறெங்கோ ரிப்பன் வெட்டிக்கொண்டிருக்கிறார் என்று மைக்கில் சொன்னார்கள். ஒரு பாட்டுப் போட்டார்கள். இன்னொன்றும் போட்டார்கள்.

படகோட்டி மிதவைக் கயிற்றைப் பார்த்துவிட்டு, "சார், பாட்டா லக் கயா" என்றார். கடல் வற்றத் தொடங்கிவிட்டது. கயிறு கடலைப் பார்த்துச் சாய்ந்திருந்தது.

வயர்லெஸ்ஸை எடுத்தேன். "தண்ணி இறங்குது. உடனே ஆரம்பிச்சிடுங்க."

"சீஃப் கெஸ்ட் வரலையே சார். கொடி யாரு ஆட்டறது?" என்றார் காண்ட்ராக்டர்.

"யாராவது ஆட்டுங்க. துண்டை ஆட்டினாலும் அவங்க நீந்துவாங்க."

"அரே சார், அவர் போட்டோ போட்டு பேனர் அடிச்சாச்சு. கடல் எங்க போயிடப் போவுது? இங்கதான் இருக்கும். ஹோ ஜாயேகா, ஆயிடும்."

கடல் எங்கும் போகவில்லை என்பது உண்மைதான். தண்ணீர்தான் போய்க்கொண்டிருந்தது. நாலாவின் வாயில் முதலில் ஒரு சுருக்கம் தெரிந்தது. பிறகு பழுப்பாக ஒரு நாக்கு நீண்டது. முந்தின இரண்டு நாள் மழையும் அதன் பின்னால் காத்திருந்தது.

"நான் சான்றை வாபஸ் வாங்கறேன். நீச்சல் வேண்டாம், ஓட்டத்துக்கு மாத்துங்க" என்றேன்.

"அப்படின்னா எழுத்துல குடுத்துடுங்க சார்."

"நான் படகுல இருக்கேன்யா."

"கரைக்கு வந்து குடுங்க."

"வலையைத் திறக்கச் சொல்லுங்க."

"கடைசி ஆள் கரை ஏர்ற வரைக்கும் வலையைத் திறக்கக் கூடாதுன்னு மீட்டிங்ல நீங்கதானே சார் சண்டை போட்டீங்க? இப்ப திறந்து முதலை வந்தா நான் மாட்டிக்குவேன்."

சண்டை போட்டது உண்மை. அது சரியான விதியும்கூட. வயர்லெஸ்ஸைக் கீழே வைத்தேன். படகோட்டி நான் பேசியதைப் புரிந்துகொண்டவர்போல ஒரு பீடியைப் பற்றவைத்தார். குதித்துக் கரைக்கு நீந்தலாமே என்று யாருக்காவது தோன்றலாம். எனக்கு நீச்சல் தெரியாது. தண்ணீரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பாட்டிலில் எடுத்ததைப் பற்றித்தான்.

சீஃப் கெஸ்ட் வந்தார். மாலை போட்டார்கள். தூய்மையான கடல் நமது சொத்து என்று பேசினார். கொடி ஆடியபோது பழுப்பு நிறம் இரண்டாவது மிதவையைத் தாண்டி எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தது. அதன் ஓரத்தில் நுரை, ஒரு பால் கவர், வாழைத்தோல். நாற்றத்தை விவரிக்கத் தேவையில்லை.

முதலில் மெயின்லேண்ட் ஆட்கள் வந்தார்கள். மிதவையைத் தொட்டதும் தலையைத் தூக்காமலே திரும்பி, பழுப்புக்குள் போனார்கள். அவர்களுக்குப் பின்னால் மஞ்சள் தொப்பி. நான் எழுந்து நின்று அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். காதில் அடைப்பான் இருக்கிறது என்பது இரண்டாவது தடவை கத்தும்போதுதான் உறைத்தது. படகோட்டி துடுப்பால் தண்ணீரைப் பலமாக அடித்தார். அவள் நிமிர்ந்தாள்.

நீந்துகிறவர் நிற்கும் படகைப் பிடித்துக்கொண்டு ஓய்வெடுக்கலாம். படகுக்குள் ஏறினால்தான் போட்டியிலிருந்து நீக்கம். அவளுக்கும் விதி தெரியும். படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.

"என்னப்பா? டைம் போகுது."

"நாலா திறந்துடுச்சும்மா."

"கத்தாதீங்க, ஒண்ணும் கேக்கல. கையால சொல்லுங்க."

நாலாவைக் காட்டினேன். என் காதைத் தொட்டுக் காட்டினேன். படகோட்டி தன் பங்குக்கு மூக்கைப் பிடித்துக் காட்டினார்.

"தெரியுது. எனக்கும் மூக்கு இருக்கு." திரும்பி இரண்டாவது மிதவையைப் பார்த்தாள். "அது வரைக்கும்தானே? தலையைத் தூக்கிட்டே போயிடறேன்."

நான்கு சுற்று என்று விரலால் காட்டினேன்.

இன்னும் இரண்டு பேர் எங்களைத் தாண்டிப் போனார்கள். அவள் அவர்களைப் பார்த்த பார்வைக்கு என்னால் ஏதும் செய்ய முடியவில்லை. கரைக்குப் போகவும் அந்தப் பழுப்பின் ஓரத்தைக் கடந்தாக வேண்டும். பின்னால் வலை. பக்கத்தில் நான்.

"நீங்க கையெழுத்துப் போட்ட தண்ணிதானேப்பா இது?" என்றாள்.

அதற்கு என்னிடம் சரியான பதில் இருந்தது. தடித்த எழுத்தில் இருந்தது. அவளுக்குக் கேட்காது என்பதால் சொல்லவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன் என்று நினைக்க விரும்புகிறேன்.

நுரை படகுக்குக் கையெட்டும் தூரத்தில் வந்துவிட்டது. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் படகோட்டியிடம் கையை நீட்டினாள். அவர் ஒரே இழுப்பில் உள்ளே கொண்டுவந்தார்.

விதிப்படி அவளுடைய எண்ணைச் சொல்லி, போட்டியிலிருந்து வெளியேறியதாக வயர்லெஸ்ஸில் நான்தான் அறிவிக்க வேண்டும். அறிவித்தேன்.

"மேடத்துக்கு க்ராம்ப்பா சார்?" என்றார் காண்ட்ராக்டர்.

"இல்ல. தண்ணி."

"தண்ணி குடிச்சிட்டாங்களா?"

"குடிக்கல. அதுக்குத்தான் வெளிய வந்தாங்க."

"சரி சார், ப்ரைஸ் டைம்ல ஸ்டேஜுக்கு வந்துடுங்க, சால்வை இருக்கு" என்று குரல் வந்தது.

மகள் துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு, தலையைச் சாய்த்து வலது காதின் அடைப்பானை எடுத்தாள். துண்டின் நுனியை முறுக்கிக் காதோரம் ஒற்றிப் பார்த்தாள். "நனையல" என்றாள். என்னிடம் சொன்னாளா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாளா என்று தெரியவில்லை. என்னாலும் எங்கும் போக முடியாது, அவளாலும் முடியாது. ஒரே பலகையில் உட்கார்ந்திருந்தோம்.

நீச்சல்காரர்கள் இரண்டாவது சுற்றுக்கு வந்தார்கள். ஒவ்வொரு வீச்சுக்கும் பக்கவாட்டில் வாயைத் திறந்து மூச்சு எடுத்தார்கள். மூச்சோடு வேறு என்ன எடுத்தார்கள் என்பது எனக்குத் தெரியும்.

"இவங்ககிட்ட யாரு சொல்றது?" என்றாள்.

"நான் சொன்னேன். எழுத்துல கேக்கறாங்க."

"பஸ் கரோப்பா, போதும்." எழுந்து, காலை அகற்றி ஊன்றி நின்றாள். வகுப்பறைக் குரலில் கத்தினாள். "முஹ் பந்த் ரக்கோ! தண்ணி கெட்டுப் போச்சு! வாயை மூடிக்குங்க! முஹ் பந்த்!"

ஒருவன் தலையைத் தூக்கி, முகம் மலர்ந்து, "தேங்க்யூ தீதி!" என்று வாய் நிறையச் சொல்லிவிட்டுப் போனான். அடுத்தவன் கட்டை விரலை உயர்த்தினான். கரையில் கூட்டம் கைதட்டியது. படகோட்டி சிரித்துச் சிரித்துப் பீடியைத் தண்ணீரில் தவறவிட்டார். அவள் சிரிக்கவில்லை. கடைசி ஆள் தாண்டிப் போகிறவரை, ஒவ்வொருவருக்கும், தொண்டை கட்டும்வரை கத்தினாள்.

எல்லோரும் கரையேறி சைக்கிளில் போய்விட்டார்கள். வலைக் கயிற்றை அவிழ்க்க வேண்டிய ஆளைக் காணவில்லை. டிபன் சாப்பிடப் போயிருப்பான் என்றார் படகோட்டி. படகைச் சுற்றி இப்போது முழுக்கப் பழுப்பு.

"நாளைக்கு எப்ப ஏறும்?" என்று கேட்டாள் மகள். குரல் கம்மியிருந்தது.

"எது?"

"கடல்தான். காலைல எத்தனை மணிக்கு ஏறி நிக்கும்?"

"வீட்டுக்குப் போய்ப் பார்த்துச் சொல்றேன்."

"உங்களுக்குத் தெரியும்ப்பா."

தெரியும். இது வேண்டாம், இனிமேல் வேறு எங்கேயாவது போய் நீந்து என்று சொல்ல வாயெடுத்தேன். வேறு எங்கே வலை இருக்கிறது என்று ஒரு சுற்று யோசித்தேன். அங்கேயும் ஒரு நாலா இருக்கிறது.

நேரத்தைச் சொன்னேன்.