என்னைச் சாக்கடையில் தள்ளிய அரசியல்வாதி

சில வருடங்களுக்கு முன், ஓர் ஆடி மாதச் சாயங்காலம். பாகூர் பக்கம் எங்கள் ஊர்க் கடைத்தெருவில் நான் தையல் கடை வைத்திருக்கிறேன். வாசலில் ஓடுகிற சாக்கடைக்கு அப்போது மூடி கிடையாது. மழை பெய்தால் தண்ணீர் உள்ளே வந்து தையல் மெஷினைத் தொடும். அந்தக் கடுப்பு எனக்கு ரொம்ப நாளாகவே உண்டு.

எங்கள் ஊரில் ஒரு தம்பி, கல்லூரியில் படித்தபோது புதுச்சேரி அணிக்கு ரக்பி ஆடியவர். முட்டை மாதிரி ஒரு பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவதும், அப்படி ஓடி வருகிறவனை இடுப்போடு கட்டிச் சாய்ப்பதும்தான் ஆட்டமாம். ஊரே கிண்டல் செய்தது. பிறகு அரசியலுக்கு வந்தார். ரேஷன் கார்டோ, முதியோர் பென்ஷனோ, யார் கூப்பிட்டாலும் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். வரப்போகிற தேர்தலில் கட்சி சீட்டு அவருக்குத்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

அன்று அவருக்குப் பிறந்தநாள். கூட இருக்கிறவர்கள் என் கடையை மறைத்து இரண்டு ஆள் உயரத்துக்கு பேனர் கட்டிவிட்டார்கள். அதில் பந்தும் கையுமாகச் சிரிக்கிறார். எனக்கு வந்ததே கோபம்! கேக் வெட்ட வந்தவரை அந்த பேனருக்குக் கீழேயே மடக்கினேன்.

"இன்னா தம்பி, உன் மூஞ்சிய இவ்ளோ பெருசா கட்டத் தெரியுது, இந்தச் சாக்கடைக்கு ஒரு மூடி போடத் தெரியலியா?"

எதிர்ப் பக்கம் நின்ற கூட்டம் சிரித்தது. ஆளாளுக்கு போனைத் தூக்கி வீடியோ எடுத்தார்கள். தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தவர் சட்டென்று மேலே பார்த்தார். மறு நொடி பாய்ந்து என் இடுப்பைக் கட்டி, அப்படியே சாக்கடைக்குள் சாய்த்துவிட்டார். ஐயோ, அந்த நாற்றம்! திட்டலாம் என்று வாயைத் திறக்கிறேன், தடாலென்று ஒரு சத்தம். நான் நின்ற இடத்தில் இரும்புச் சட்டத்தோடு பேனர் விழுந்து கிடந்தது. ஆடிக் காற்று அதைப் பிடுங்கிப் போட்டிருந்தது.

"தலைல அடி பட்டுச்சாக்கா?" என்று கேட்டார்.

படவில்லை. என் தலைக்கும் சாக்கடையின் சிமென்ட் சுவருக்கும் நடுவில் அவர் கை இருந்தது. ரத்தம் ஒழுகியது. "சாய்க்கிறப்போ தலைய பாத்துக்கணும்க்கா, ஆட்டத்துல மொதல்ல கத்துக்குடுக்கிறதே அதான்" என்று சமாதானம் வேறு சொன்னார்.

யாரோ புண்ணியவான் வீடியோவை வெட்டி, பேனர் விழுவதற்கு முன்பே முடித்து வாட்ஸ்அப்பில் விட்டுவிட்டான். கேள்வி கேட்ட பெண்ணைச் சாக்கடையில் தள்ளிய ரவுடி என்று தலைப்பு. விடிவதற்குள் ஊரெல்லாம் பரவிவிட்டது. தவளக்குப்பத்திலிருந்து என் நாத்தனார் போன் செய்து அழுகிறாள். அவருக்கு ஆகாதவர்கள் வீட்டுக்கே வந்து, "கேஸ் குடுக்கா, மத்தத நாங்க பாத்துக்கிறோம்" என்றார்கள். விளக்குமாற்றை எடுத்தேன், போய்விட்டார்கள்.

நேராக ஆட்டோ பிடித்து அவருடைய கட்சி ஆபீசுக்குப் போனேன். "என் உசுரக் காப்பாத்துன புள்ளைய எவன் ரவுடின்னு சொல்றது?" என்று போட்ட சத்தத்தில் எல்லோரும் எழுந்து வந்தார்கள். உட்கார வைத்து, காபி கொடுத்து, முழுசாகக் கேட்டார்கள். கடைசியில் அங்கிருந்த பெரியவர், "எங்களுக்குப் புரியுதும்மா. ஆனா முழு வீடியோவ யாரு பாக்கறா, ஜனங்க பாத்தது அந்த வெட்டுன வீடியோவத்தான?" என்றார். சீட்டு வேறொருவருக்குப் போனது. அந்தச் செய்தி வந்த அன்று என்னால் ஒரு துணிகூடத் தைக்க முடியவில்லை. உட்கார்ந்து அழுதேன்.

அவர் என்மேல் துளியும் வருத்தப்படவில்லை. கைக்கட்டோடு கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுக்கு நடையாய் நடந்து, என் கடை வாசல் சாக்கடைக்கு மூடி போட வைத்தார். இன்னும் கட்சியில்தான் இருக்கிறார். பேனர் மட்டும் கட்ட விடுவதில்லை.

என் கடையைத் தாண்டும்போதெல்லாம் ஒரு கும்பிடு போடுவார். ஓட்டுக்காகக் கும்பிட்டவர்கள் எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன். இவர் கும்பிடும்போது மட்டும் வலது கையில் ஒரு விரல் ஒட்டாமல், வளைந்து விலகி நிற்கும். அந்த இடைவெளியில்தான் அன்று என் தலை இருந்தது.