பதினோராவது பெயரில் சந்தித்தவர்கள்

பினாங்கின் ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடி லிஃப்டுக்குள் இரண்டு ஆண்கள் கைகுலுக்கியபடி மாறி மாறிப் பெயர்களை ஒப்பித்தபோது, ஏதோ பிரார்த்தனை என்றுதான் முதலில் நினைத்தேன். ஒருவன் பக்கத்து வீட்டுச் சோமாலியன் யூசுப். மற்றவனை அவன் அன்றுதான் பார்க்கிறான். ஐந்தாவது பெயரில் இருவரும் கட்டிப்பிடித்துச் சிரித்தார்கள். அது இருவருக்கும் பொதுவான பாட்டனாம். தகப்பன், பாட்டன், பூட்டன் என்று இருபது தலைமுறைவரை சொல்லும் இந்த வரிசைக்கு அப்திர்சி என்று பெயர். பினாங்கில் "சாப்பிட்டாச்சா" என்பதோடு விசாரணை முடிந்துவிடும். யாழ்ப்பாணத்திலோ "நீ ஆற்றை மகன்?" என்பார்கள், யாருடைய மகன் என்று. அந்தக் கேள்வியில் சாதியை நிறுக்கும் ஒரு தராசு தொங்கும். நான் கடல் கடந்ததில் பாதி அதிலிருந்து தப்பிக்கத்தான்.

யூசுப்புக்குக் கோலாலம்பூரில் இருக்கும் ஹோதனைப் பிடித்திருந்தது. அவளுக்குத் தகப்பன் இல்லை. சித்தப்பா சம்மதிக்க வேண்டும். பையன் எப்படி என்று அவர் பக்கத்து வீட்டுக்காரனான என்னிடம் போனில் கேட்டார். இருவரும் ஒரே குலம் என்று யூசுப் சொல்லியிருந்தான். எங்கள் வீட்டில் அண்ணன் மாமன் மகளைக் கட்டியவன். சொந்தம் என்றால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. "உங்கள் ஆள்தான், மிக நெருங்கிய சொந்தம்" என்று அள்ளிவிட்டேன். நேரில் வந்து பார்க்கிறேன் என்று அவர் போனை வைத்துவிட்டார்.

நான் சொன்னதைக் கேட்டதும் யூசுப் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். தகப்பன் வழியில் நெருங்கியவர்களை அவன் பக்கத்தில் கட்டமாட்டார்களாம். நம் பங்காளி முறையேதான்! மச்சாள் முறை என்று நினைத்து உளறியிருக்கிறேன். காதலர்களோ, பயத்தில் அந்த வரிசையை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்காமலே வைத்திருந்தார்கள். ஜெலுத்தோங்கிலேயே பிறந்து வளர்ந்த என் மனைவி என்னை விடவில்லை.

"தெரியாத விஷயத்துல எதுக்குங்க வாய வைக்கிறீங்க? பாவம்லா அந்தத் தம்பி."

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா ரயிலில் பட்டர்வொர்த் வந்து, ஃபெர்ரி ஏறி, யூசுப் வீட்டுக்கு வந்துசேர்ந்தார். குற்றவாளியான நானும் குடும்பத்தோடு போயிருந்தேன். அவர் ஒரு பெயர் சொல்ல, யூசுப் ஒரு பெயர் சொன்னான். நான் மடியில் விரல்விட்டு எண்ணினேன். ஏழாவதில் இருவரும் ஃபாரா என்றார்கள். யூசுப்பின் முகம் வெளுத்தது. எட்டாவது பெயர் வேறாக வந்தது. அது வேறு ஃபாரா! ஒன்பது வேறு, பத்து வேறு. பதினோராவதில் இருவரும் "சமதர்" என்றார்கள். அதற்குப்பின் எல்லாப் பெயரும் ஒன்றே. இருவரும் சேர்ந்தே சொல்லி முடித்தார்கள்.

"தூரம் போதும்," என்றார் சித்தப்பா ஆங்கிலத்தில். "சொந்தமும் போதும்."

யூசுப் என்னைத் தூக்காத குறை. என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு நுரை பொங்கத் தே தாரே தேநீர் ஊற்றினாள். சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அப்போதுதான் சித்தப்பா என்னிடம், உன் வரிசையைச் சொல் என்றார். சிவகுமார், கந்தையா, வேலுப்பிள்ளை, அம்பலவாணர். அதற்குமேல் வரவில்லை. ஆறு வயது மகள் மீனா என்னைத் தள்ளிவிட்டு முன்னால் வந்து, தன் பெயரில் தொடங்கி, நான் சொன்னதை அப்படியே ஒப்பித்தாள். அம்பலவாணரில் ஒரு கணம் யோசித்தாள்.

"ஜெலுத்தோங்," என்று முடித்தாள்.

சித்தப்பா சிரிக்கவில்லை. இன்னொரு விரலை மடக்கி அதையும் எண்ணிக்கொண்டார். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது யாராவது இவளிடம், "நீ ஆற்றை பிள்ளை?" என்று கேட்கவேண்டுமென்று வாழ்க்கையில் முதன்முறையாக ஆசைப்பட்டேன்.