ஆனி கடைசிப் புதன்

பாண்டீஸ்வரி யாரையும் சத்தம் போட்டு வேலை வாங்கியதில்லை. காலையில் விளாங்குடியில் பஸ் ஏறி வந்ததும் ஆஸ்பத்திரியின் மாடிகளை ஒரு சுற்றுச் சுற்றுவாள். எங்கே தரை காயாமல் கிடக்கிறதோ, எந்த வார்டில் குப்பை வாளி நிரம்பி வழிகிறதோ, அங்கே போய்ப் பேசாமல் நிற்பாள். அவள் நிற்பதைப் பார்த்து ஆள் ஓடிவரும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், அதே ஆஸ்பத்திரியில் மாப் பிடித்து, பிறகு சூப்பர்வைசர் ஆனவள்.

விஜய்ஆனந்த் முன்பு அங்கேதான் பில் போடும் இடத்தில் இருந்தான். மேலூர் ரோட்டில் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த ஆஸ்பத்திரிக்கு மேனேஜராகப் போனவன், ஒருநாள் போன் செய்தான். ஆட்களை அவளே கூட்டி வந்தால் துப்புரவு காண்ட்ராக்டை அவள் பெயரிலேயே போட்டுத் தருவதாகச் சொன்னான். இன்னும் எத்தனை வருஷத்துக்கு அடுத்தவர்கள் கொடுக்கிற சம்பளத்தை எண்ணிக்கொண்டிருப்பீர்கள் அக்கா என்றும் கேட்டான். அந்தக் கேள்வி அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அவள் முதலில் கேட்டது தங்கப்பொண்ணுவிடம்தான். ஆபரேஷன் தியேட்டரைக் கழுவத் தெரிந்த கை அது. இரத்தக் கறை எங்கே ஒளிந்திருக்கும் என்று அதற்குத் தெரியும். அந்தக் கை இல்லாமல் காண்ட்ராக்ட் எடுக்க முடியாது. ஆனால் தங்கப்பொண்ணு ஐம்பதைத் தாண்டியவள், புருஷன் இல்லாதவள். இங்கே பெர்மனென்ட். இந்த வேலையை விட்டால் இன்னோர் இடத்தில் வாசலிலேயே வயதைக் கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அது இருவருக்குமே தெரியும்.

தங்கப்பொண்ணு கையுறையைக் கழற்றி வாளி விளிம்பில் போட்டாள்.

"நீ கூப்புடுறன்னுதான் வாரேன் பாண்டி. நடுவுல விட்டுறாத."

"விட மாட்டேன்க்கா."

இன்னும் நாலு பெண்கள் சேர்ந்தார்கள். எல்லோரும் ஒரே நாளில் ராஜினாமா எழுதிக் கொடுத்தால் ஆபீஸுக்கு மூக்கில் வேர்த்துவிடும். ஒரு மாத நோட்டீஸ் என்பது அங்கே சட்டம். அதனால் பாண்டீஸ்வரி முதலில் கொடுத்தாள். சில நாள் விட்டுத் தங்கப்பொண்ணு, இன்னும் சில நாள் விட்டு மற்றவர்கள். ஒருத்திக்கு மாமியாரின் மூட்டுவலி, ஒருத்திக்கு மகளின் பிரசவம் என்று காரணங்களையும் பிரித்துக் கொடுத்தாள். இதில் புது ஆஸ்பத்திரி ஆடி முதல் தேதியே ஆள் வேண்டும் என்றது. கட்டட வேலை முடிந்து கிடந்த சிமெண்ட்டையும் பெயிண்ட்டையும் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது. கடைசியாக எழுதிக் கொடுத்தவளின் நோட்டீஸ் முடியவோ ஆடி பாதியாகிவிடும். நோட்டீஸ் முடிந்தவர்கள் காலையில் அங்கே வேலையைப் பார்ப்பது, முடியாதவர்கள் பொறுத்து வருவது, அதுவரை அவர்கள் பங்கையும் தானே செய்வது என்று பாண்டீஸ்வரி மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்தாள். கணக்கு சரியாகத்தான் வந்தது.

அவளை உறுத்தியது ஆடிதான். ஆடியில் புதுத் தொழிலைத் தொடங்குவதா? ஆவணிக்குத் தள்ள முடியுமா என்று விஜய்ஆனந்திடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள். அவன் சிரித்தான்.

"பேஷண்டு ஆடி ஆவணி பாத்தா வாரான்? வேணும்னா ஆனியிலேயே வந்து ஒரு சூடத்தக் கொளுத்தி, தொட்டு வச்சுட்டுப் போங்கக்கா. தொடங்குனது ஆனின்னு ஆயிரும்ல."

அது அவளுக்குச் சரியாகப் பட்டது. ஊரில் எல்லோரும் செய்வதுதானே. கடை வைக்கிறவர்கள் ஆனியிலேயே ஒரு சாமானை விற்றுவிட்டுக் கதவைப் பூட்டுவார்கள். வீடு கட்டுகிறவர்கள் ஒரு செங்கல்லை வைத்துவிட்டு ஆவணி வரைக்கும் காத்திருப்பார்கள். அவள் ஆனி கடைசிப் புதனைக் குறித்தாள். அவளுக்கும் தங்கப்பொண்ணுக்கும் நோட்டீஸ் முடிய ஒரு வாரம்கூட இல்லை.

காலை ஷிப்ட் முடிந்து ஆறு பேரும் நேராகப் புது ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். புது மாப், புது வாளி, ஒரு தேங்காய், சூடம். வாளிக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தாள் ஒருத்தி. தங்கப்பொண்ணு கைராசிக்காரி என்று அவளையே முதலில் துடைக்கச் சொன்னார்கள். ஒவ்வொருத்தியும் ஒரு டைல்ஸ் கல்லைத் துடைத்தாள். கல் ஈரத்தில் பளபளத்ததும் எல்லோருக்கும் சிரிப்பு வந்தது. விஜய்ஆனந்த் நிற்கச் சொல்லிப் போட்டோ எடுத்தான். பாண்டீஸ்வரிக்குப் போட்டோ என்றாலே கூச்சம். ஓரமாக நின்று முகத்தைப் பாதி மறைத்துக்கொண்டாள். நல்ல மனதோடுதான் அவன் அதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தான். வாழ்த்துக்கள் என்று எழுதிப் பூங்கொத்துப் படமும் போட்டிருந்தான்.

எல்லாவற்றையும் கண்ணில் போட்டுக்கொள்ளும் பாண்டீஸ்வரி ஒன்றை மட்டும் பார்க்கவில்லை. எல்லோரும் பழைய ஆஸ்பத்திரியின் பச்சை யூனிபார்ம் சேலையில் நின்றார்கள். முந்தானையில் ஆஸ்பத்திரியின் பெயர் தெளிவாகத் தெரிந்தது.

மறுநாள் ஆபீஸில் எச்.ஆர். அம்மா கோபப்படவே இல்லை. போனைத் திருப்பி அந்த ஸ்டேட்டஸ் படத்தைக் காட்டினாள். நோட்டீஸ் ஓடும்போது, நம் சேலையைக் கட்டிக்கொண்டு, இன்னோர் இடத்தில் வேலை செய்திருக்கிறீர்கள் என்றாள். சாமி கும்பிட்டோம் அவ்வளவுதான் என்று பாண்டீஸ்வரி சொல்ல வாயெடுத்தாள். படத்தில் கையில் மாப் இருந்தது. தரை ஈரமாக இருந்தது. தொடங்கிவிட்டோம் என்று சாமிக்குச் சொன்னதைத் தொடங்கவில்லை என்று இந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது? அன்றைக்கே எல்லோரையும் வெளியே அனுப்பினார்கள். முறைப்படி விலகியதாக யாருக்கும் கடிதம் தர முடியாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

அதன் பிறகு விஜய்ஆனந்த் போனை எடுக்கவில்லை. இரண்டு நாள் கழித்து அவனே கூப்பிட்டு, மேலிடத்தில் ஒத்துக்கொள்ளவில்லை என்றான். இரண்டு முதலாளிகளும் ஒன்றாகப் படித்தவர்களாம். பழைய ஆஸ்பத்திரிக்காரர் இவருக்குப் போன் போட்டுப் பேசினாராம். காண்ட்ராக்ட் சென்னைக் கம்பெனி ஒன்றுக்குப் போய்விட்டது. பழகிய பெண்கள் கேட்டு வந்தால் தினக்கூலிக்கு எடுப்பார்கள், ஆனால் உங்களை வேண்டாம் என்றுவிட்டார்கள் அக்கா என்று இழுத்தான்.

பாண்டீஸ்வரி நாலு பேருக்கும் போன் செய்து போகச் சொன்னாள். தன் பெயரை அங்கே எடுக்க வேண்டாம் என்றாள். அவர்கள் போனார்கள். ஒருத்தி மட்டும் அழுதாள்.

தங்கப்பொண்ணுவும் போனாள். நாற்பத்தைந்துக்கு மேல் எடுப்பதில்லை என்று ஆதார் கார்டைப் பார்த்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு லாட்ஜில் ரூம் கழுவ ஆள் தேடினார்கள். ஒருத்தி போதும் என்றார் முதலாளி. பாண்டீஸ்வரி போகாமல் நின்றாள். ஒரு ஆள் கூலியை இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினாள். பிறகு தங்கப்பொண்ணுவின் வீட்டு வாசலில் போய் நின்று விஷயத்தைச் சொன்னாள். கதவைச் சாத்தும் சத்தம்தான் கேட்டது. ஆனால் மறுநாள் காலையில் தங்கப்பொண்ணு லாட்ஜுக்கு வந்திருந்தாள்.

அவள் மேல்மாடியிலிருந்து தொடங்குவாள். பாண்டீஸ்வரி கீழிருந்து. வாரம் ஒன்று ஓடியும் ஒரு பேச்சு இல்லை. அன்றைக்கு நடு மாடியில் இருவரும் எதிர்ப்பட்டார்கள். தங்கப்பொண்ணுக்கு மூச்சு வாங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உக்காருக்கா. மிச்ச ரூம நான் பாத்துக்கிறேன்."

"நீ சொல்லி நான் கேட்டதெல்லாம் போதும்."

தங்கப்பொண்ணு வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குள் போனாள். உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. பாண்டீஸ்வரி எதிர் அறைக்குள் நுழைந்து, யாரோ விட்டுப்போன அழுக்குப் போர்வையை உருவ ஆரம்பித்தாள்.