பட்டியலில் இல்லாத கோலி

உதைபந்தாட்டம் பற்றி எழுத எனக்கு ஒன்றும் தெரியாது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

இன்று காலை களுவாஞ்சிக்குடி பஸ்ஸில், நான் வேலை செய்யும் கல்லூரியின் பழைய மாணவர்கள் இருவர் எனக்கு முன்னால் இருந்தார்கள். இந்த முறை விளையாடப்போகும் கல்லூரி அணியின் பட்டியல் அவர்கள் போனில் வந்திருந்தது.

"எங்கடா மண்டூர்க் கோலிட பேர்?"

"இல்ல மச்சான். பிராக்டிசுக்கு வந்திருக்க மாட்டான்."

"ரெண்டு பெனால்டி புடிச்சதோட லெவல் கூடிட்டு."

"மறுகா ஆர் கோலுக்க நிக்கிற? நீயா?"

அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்தது நான். பிறப்புச் சான்றிதழ்களைப் பார்த்துத்தான் பெயர்களை அடித்தேன்.

அலுவலகம் போனதும் கோப்பைத் திறந்தேன். கோல் காக்கும் அந்த மண்டூர்ப் பொடியனுடைய சான்றிதழ் இன்னொன்றின் பின்னால் ஒட்டிக்கொண்டு கிடந்தது. தினமும் பின்னேரம் அவன் பயிற்சிக்கு வருவதை என் ஜன்னலால் பார்க்கிறேன்.

விளையாட்டுக்குப் பொறுப்பான சேரிடம் போய்ச் சொன்னேன். அவர் ஏசவில்லை. "பட்டியல் வலயக் கல்வி ஒபிசுக்குப் போயிட்டே பிள்ள. நாளைக்குக் கேட்டுப் பாப்பம்" என்றார்.

ஏசியிருக்கலாம்.

பஸ்ஸில் வந்த அந்த அண்ணன்மாரைத் தெரிந்தவர்கள் இதை அவர்களிடம் காட்டுங்கள். அவனை விட்டுவிட்டு என்னை ஏசட்டும். அவர்கள் இருவருக்கும் ஏசுவது நன்றாக வரும்.