கேத்தலில் இருந்தது தேநீரல்ல

கற்பிட்டிக் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் என் கணவர் பரிமாறும் வேலை செய்கிறார். பௌத்தர்களின் பௌர்ணமி விடுமுறையான ஒரு போயா தினத்தன்று அவருக்குப் பகல் சோறு கொண்டு போனேன். வெயிலில் கூட வந்த நாலு வயது மகள் தாகத்தில் அழுதாள். சமையலறைக்குப் பின்னால், மேசையில் பீங்கான் கேத்தல் ஒன்று இருந்தது. ஆறிய தேநீர் என்று நினைத்துக் கோப்பையில் ஊற்றி அவள் வாயருகே கொண்டு போனேன்.

“குடுக்காத!”

ஓடி வந்த கணவர் கோப்பையைத் தட்டிவிட்டார். நிலத்தில் நுரை பரவியது. பியர்.

“போயாவுல மதுபானம் விக்க ஏலாது, சட்டம். வெள்ளக்காரங்க கேட்டா கேத்தல்ல ஊத்திக் குடுக்கச் சொல்றாரு மேனேஜர்.”

“நீங்களா ஊத்தினீங்க?”

“ஓம்.”

மகள் தகப்பனின் கையைப் பிடித்தாள். “வாப்பா, நான் குடிக்கல்ல.”

அவர் அவளைத் தூக்கி என்னிடம் தந்தார். பிறகு நேராக மேனேஜரிடம் போனார்.

“இனி நான் ஊத்த மாட்டேன், சேர்.”

“அப்ப அடுத்த போயாவுக்கு வராத. அதுக்குப் பொறகும் வராத.”

பொறுத்துப் போங்க என்று கணவரிடம் சொல்ல வார்த்தை என் வாய் வரை வந்தது. சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது சரிதானா என்று இன்னும் யோசிக்கிறேன். அடுத்த போயா நெருங்குகிறது; அதோடு அவர் வேலையும் போய்விடும். மகளுக்குத் தேநீர் ஊற்றும்போது, என் வீட்டுக் கேத்தலையே முதலில் முகர்ந்து பார்க்கிறேன்.