டாக்டர் எழுதிக் கொடுத்த விசில்

போன வாரம் எதிர் வீட்டு மருமகள் விசில் அடித்துக்கொண்டே துணி உலர்த்தினாள். அவள் மாமியார் படாரென்று ஜன்னலைச் சாத்தினார். எனக்கு ஒரே சிரிப்பு... ஏனென்று கேட்கிறீர்களா?

ஐம்பதுகளின் கடைசி. எனக்குக் கல்யாணமான புதிது. ஒருநாள் காலையில் எழுந்தால் வாய் இடது பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறது. வலது கண் மூடவில்லை. கஞ்சி குடித்தால் பாதி சேலைக்கு!

மாமியார் திண்டுக்கல் டாக்டரிடம் கூட்டிப்போனார். முக நரம்பு சோர்ந்துவிட்டதாம். கண்ணுக்குச் சொட்டு மருந்து தந்துவிட்டு டாக்டர் சொன்னார்: "தினமும் உதட்டைக் குவிச்சு விசில் அடிக்கணும். சத்தம் வந்துட்டா நரம்பு சரியாகுதுன்னு அர்த்தம்."

புருஷனைக் கூப்பிடவே வளையலைக் குலுக்குகிற ஆள் நான். விசிலா?

"பொம்பளப் புள்ளைங்கய்யா. அத மாத்திரையாக் குடுத்துருங்களேன்" என்றார் மாமியார்.

"விசிலுக்கு மாத்திரை இல்லம்மா."

மாட்டுக் கொட்டகைக்குள் மட்டும் அடிக்கலாம் என்று வீட்டில் உத்தரவானது. ஒரு மாதம் ஊதினேன் — வெறும் காற்று. எருமைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஏத்தா, பாக்குறவுகளுக்கெல்லாம் பதில் சொல்லி முடியல. ஒங்க ஆத்தா வீட்ல இரு. வாய் நேரானதும் வா" என்று மாமியார் மூட்டை கட்டிவிட்டார். நேராகாவிட்டால்?

கொண்டுபோய் விட மாமியாரே கூட வந்தார். பஸ் செம்பட்டியில் நின்றது. கண்டக்டர் இறங்கி டீ குடித்துக்கொண்டிருந்தார். இன்னும் இரண்டே ஸ்டாப், அம்மா வீடு. முந்தானைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு ஊதினேன்... ஊதினேன்...

"உய்ய்ய்!"

டிரைவர் பஸ்ஸை எடுத்துவிட்டார்!

டீ கிளாஸோடு கண்டக்டர் ஓடி வருகிறார். ஜனங்கள் கத்த, பஸ் நின்றது.

"எவன்டா விசிலடிச்சது?" என்று கீழே நின்றபடியே கத்தினார்.

எல்லாரும் ஒரு மீசைக்காரரை முறைத்தார்கள். "சத்தியமா நான் இல்லப்பு!" என்று அவர் பதறினார்.

நான் சீட்டுக்கு அடியில் போய்விடலாமா என்று பார்த்தேன். ஆனால் மாமியார் எழுந்து நின்றுவிட்டார்.

"எம் மருமகய்யா! ஒரு மாச வைத்தியம்! ஏத்தா, இன்னொருக்கா அடி, அவரும் கேக்கட்டும்."

அடித்தேன்.

பஸ் மறுபடியும் கிளம்பிவிட்டது. கண்டக்டர் இன்னும் ரோட்டில்தான்!

இந்தத் தடவை ஓடி வந்து ஏறியவர், முதலில் எங்கள் மூட்டையைக் கீழே வைத்தார். "ஆத்தா, கும்பிடுறேன்... எறங்கிருங்க."

"எறங்காம? இனி அங்க என்ன வேலை? வீட்டுக்குப் போறோம்" என்றார் மாமியார். எதிரே திண்டுக்கல் பஸ் வந்தது. ஏறும்போது காதோடு சொன்னார்: "இதுல மட்டும் வாய மூடிட்டு வா."

எதிர் வீட்டு மாமியாரிடம் இதைச் சொல்ல வேண்டும். பேர் சொல்லிக் கூப்பிடக் கூச்சமாக இருக்கிறது... ஒரு விசில் அடித்துப் பார்க்கிறேன்.