நல்ல கால்

அந்தக் கால்பந்துக் கழகத்தில் அவரை எல்லோரும் அளவுக்காரர் என்றே கூப்பிட்டார்கள். இருபத்தேழு ஆண்டுகளாக அவருக்கு ஒரே வேலைதான். முழங்காலில் அடிபட்ட ஆட்டக்காரன் மறுபடி ஆடத் தேறிவிட்டானா என்று அளந்து சொல்ல வேண்டும். அறுவை செய்வது மருத்துவர், மடக்கி நீட்ட வைப்பது பயிற்சியாளர். ஆனால் அளவுக்காரர் கையெழுத்துப் போட்டால்தான் காலில் பூட்ஸ் ஏறும்.

அவருடைய அறை பார்வையாளர் படிக்கட்டுகளுக்கு அடியில் இருந்தது. கூரை ஒரு பக்கம் சரிந்து இறங்கியதால் கோல்கீப்பர்கள் உள்ளே வந்தால் தலையைத் தடவிக்கொண்டுதான் திரும்புவார்கள். தரையில் சென்டிமீட்டர் கோடுகள் போட்ட மஞ்சள் பட்டை. அலமாரியில் ஆண்டுக்கு ஒன்றாக இருபத்தேழு நோட்டுகள்.

"என்கிட்ட பேசுறதைவிட அந்த நோட்டுங்ககிட்டதான் அதிகமா பேசுறீங்க" என்பாள் மனைவி.

"அதுங்க எதிர்த்துப் பேசாது" என்பார்.

மாதம் ஒரு தரம் நடக்கும் சோதனை எளிமையானது. ஒற்றைக் காலில் நின்று தாவி, அதே காலில் இறங்கி, ஆடாமல் நிற்க வேண்டும். முதலில் நல்ல கால், பிறகு அடிபட்ட கால். மூன்று முறை தாவினால் அதில் சிறந்தது நோட்டில் ஏறும். நல்ல கால் நூறு தாவினால் அடிபட்ட கால் குறைந்தது தொண்ணூறு தாவ வேண்டும். அது அவரே எழுதி வைத்த விதி. தாவி முடித்தவனிடம் "எப்படி இருக்கு?" என்று கேட்டு, அவன் சொல்வதை வார்த்தை மாறாமல் குறிப்பில் எழுதுவார்.

அன்று வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று பத்து. சனிக்கிழமை இறுதி ஆட்டம். பேனாவுக்கு மை ஊற்றிக்கொண்டிருந்தபோது தாழ்வாரத்தில் காலடி கேட்டது. டொக். பிறகு ஓர் இழுப்பு. டொக். மறுபடி இழுப்பு. அவருக்கு ஆள் முகம் பார்க்கத் தேவையில்லை. நடையை வைத்தே சொல்லிவிடுவார். இது புயலின் நடை. ஒரு காலத்தில் கழகத்தின் முன்கள ஆட்டக்காரர், இப்போது சலவை அறையில் சீருடைகளுக்கு இஸ்திரி போடுகிறவர். காலை இழுத்து நடப்பவரைப் புயல் என்று கூப்பிட யாருக்கும் வாய் கூசியதில்லை, அவருக்கும் கோபம் வந்ததில்லை.

"புயலு, ஸ்டோர் சாவிய ஆணியில மாட்டிட்டுப் போ" என்றார் தலையைத் தூக்காமல்.

நடை வாசலில் நின்றது.

"புயல் அண்ணன் மூணு நாளா ஊர்ல இல்லியே சார். தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்காரு."

வாசலில் நின்றது குருவி. இருபத்து மூன்று வயது, இடது ஓர ஆட்டக்காரன். ஒன்பது மாதத்துக்கு முன் இடது முழங்காலில் தசைநார் அறுந்தவன்.

"உன்கூட யாரு வந்தா?"

"யாரும் வரலியே."

"கொஞ்சம் நடந்து காட்டு."

குருவி சுவர் வரை நடந்து திரும்பி வந்தான். நேராக, அழகாக நடந்தான். இழுப்பு எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. அளவுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு, "இன்னொரு தரம்" என்றார். டொக். இழுப்பு. கண்ணைத் திறந்தார். மறுபடி அழகான நடை.

ஆனாலும் வேலை வேலைதானே. தாவச் சொன்னார். நல்ல கால் நூற்று அறுபத்து மூன்று. அடிபட்ட கால் நூற்று ஐம்பத்தெட்டு. வகுத்தார். தொண்ணூற்றேழு.

"பாஸா சார்?" குருவியின் முகத்தில் பல் மட்டும்தான் தெரிந்தது.

"எப்படி இருக்கு?"

குருவி தன் கால்களைக் குனிந்து பார்த்தான். "ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு சார்."

பேனா நோட்டின் மேல் நின்றுவிட்டது. இந்த வாக்கியத்தை அவர் எப்போதோ எழுதியிருக்கிறார். குருவியை உட்காரச் சொல்லிவிட்டு ஐந்தாவது நோட்டை உருவினார். இருபத்திரண்டு ஆண்டுக்கு முந்தையது. புயலின் பக்கம் தானாகவே விரிந்தது. நல்ல கால் நூற்று அறுபத்து நான்கு, அடிபட்ட கால் நூற்று ஐம்பத்தொன்பது, தொண்ணூற்றேழு. கீழே அவருடைய கையெழுத்து. குறிப்பில்: "ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு."

அந்தக் கையெழுத்துக்கு மூன்றாம் நாள் ஆட்டம். பதினான்காம் நிமிடம், பக்கத்தில் ஓர் ஆள்கூட இல்லாதபோது, புயலின் முழங்கால் திரும்பிக்கொண்டது.

இத்தனை ஆண்டுகளாக அவர் எண்களை இடமிருந்து வலமாகத்தான் படித்திருக்கிறார். நல்லது, கெட்டது, வகுத்தால் வருவது. அன்று முதன்முறையாக விரலை நல்ல காலின் கட்டத்தில் வைத்து மேலிருந்து கீழே இழுத்தார். புயலுக்கு நூற்று எண்பத்தாறு, நூற்று எழுபத்தெட்டு, நூற்று எழுபது, நூற்று அறுபத்து நான்கு. குருவியின் பக்கத்தில் நூற்று எண்பத்தொன்று, நூற்று எழுபத்தாறு, நூற்று அறுபத்தொன்பது, நூற்று அறுபத்து மூன்று. பருவத் தொடக்கத்தில், அடிபடுமுன், குருவியின் அதே கால் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு தாவியிருந்தது.

கெட்ட கால் கொஞ்சம்தான் ஏறியிருந்தது. மிச்சத் தூரத்துக்கு நல்ல கால் அதைத் தேடி இறங்கி வந்திருந்தது. மாதாமாதம், படிப்படியாக, அவர் கண் முன்னாலேயே, அவர் கையெழுத்திலேயே.

முடிவு தெரிந்துகொள்ளப் பயிற்சியாளர் வந்து நோட்டை எட்டிப் பார்த்தார். "என்னண்ணே, தொண்ணூத்தேழு வந்திருக்கே? தொண்ணூறு போதும்னு நீங்கதான விதி எழுதினீங்க?"

"தப்பா எழுதிட்டேன்."

"இருபத்தேழு வருஷம் கழிச்சா?"

"இன்னிக்குத்தான் படிச்சேன்."

இரண்டு நோட்டுகளையும் அருகருகே வைத்து விரலைக் கீழே இழுத்துக் காட்டினார். பயிற்சியாளரும் தன் விரலை அதே கட்டத்தில் வைத்து இழுத்துப் பார்த்தார். குருவிக்குத்தான் பொறுக்கவில்லை. "என் கால் எனக்குத் தெரியாதா சார்? சனிக்கிழமை இறங்கலன்னா அடுத்த வருஷம் என்னைய யாரு எடுப்பா?"

"கால் இருந்தா எடுப்பாங்க" என்றார் அளவுக்காரர். கையெழுத்துப் போடவில்லை.

குருவி கதவை அறைந்துவிட்டுப் போனான். தாழ்வாரத்தில் அவனுடைய நடை தேய்ந்து மறையும்வரை அவர் காதைப் பொத்திக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை கழகம் ஒரு கோலில் தோற்றது. அளவுக்காரரைப் பார்த்துத் தலையசைக்கிறவர்களும் தலையசைக்காமல் போனார்கள். திங்கட்கிழமை அவர் சலவை அறைக்குப் போனார். புயல் சீருடைகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"குருவியோட சட்டைய தனியா வச்சிருக்கேன் சார். எப்ப இறங்குறான்?"

"நாலு மாசம் ஆகும். ரெண்டு காலையும் முதல்லேர்ந்து ஏத்தணும்." அளவுக்காரர் நிறுத்தினார். "புயலு, உன் நோட்ட பாத்தேன். அன்னிக்கு நான் உன்னைய விட்டிருக்கக் கூடாது."

புயல் இஸ்திரிப் பெட்டியின் சூட்டை விரலில் எச்சில் தொட்டுப் பார்த்தார். "தெரியும் சார். அன்னிக்குப் படியேறும்போதே ரெண்டு காலும் வேற யாரோட காலோ மாதிரி இருந்துச்சு. சொல்லலாம்னு திரும்ப வந்தேன். நீங்க தொண்ணூத்தேழுன்னு அவ்வளவு சந்தோஷமா எழுதிட்டிருந்தீங்க. எண்ணு பொய் சொல்லுமான்னு போயிட்டேன்."

இஸ்திரிப் பெட்டி ஒரே சட்டையின் மேல் நின்றிருந்தது.

"விடுங்க சார், துணி தீயுது" என்றார் புயல்.

அளவுக்காரர் தன் அறைக்குத் திரும்பி முதல் நோட்டை எடுத்தார். இருபத்தேழு ஆண்டுகளில் அவர் கையெழுத்துப் போட்டு அனுப்பிய முழங்கால்கள் முப்பத்தொன்று. புயலை நீக்கினால் முப்பது. அவர்களில் பலர் வேறு ஊர்களுக்கு, வேறு கழகங்களுக்குப் போய்விட்டார்கள். பிறகு எப்படி நடந்தார்கள் என்று அவருக்குத் தெரியாது. முதல் பக்கத்தில் நல்ல காலின் கட்டத்தில் விரலை வைத்துக் கீழே இழுத்தார். எண் இறங்கியது.

மணி மூன்று பத்து. சலவை அறையில் புயலின் இஸ்திரிப் பெட்டி மேசையில் விழும் சத்தம் சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. தாழ்வாரத்தில், அவருடைய வாசலை நோக்கி, டொக். இழுப்பு. டொக்.

அவர் தலையைத் தூக்கவில்லை. யாரென்றும் கேட்கவில்லை. அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.